வடித்த தண்ணீர்

பிப்ரவரி 21, செவ்வாய்

தோட்டத்தில் இன்று கிடைத்தது: முருங்கைக்காய் ஒரு கட்டு, நாட்டுக் கத்திரி ஒரு கூடை, வாழைக்காய் ஒரு சீப்பு, பிஞ்சு சுரைக்காய் ஒன்று. சிறுகிழங்கு இன்றோடு முடிந்தது. அந்தப் பாத்தியைக் கொத்திவிட்டேன். வெண்டை விதை போட வேண்டும்.

நாளை சாம்பல் புதன். லெந்து என்கிற நோன்பு நாட்கள் முடியும்வரை நம் வீட்டில் கறி, மீன் கிடையாது. அதற்கு முன்னால் ஒருநாள் வாய்க்கு ருசியாக ஆக்கிப்போடு என்று வீட்டுக்காரர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டுக்கறி எடுக்கவா என்று கேட்டேன்.

"கறி எவனுக்கு வேணும்? கூட்டாஞ்சோறு வை."

வைத்தேன். அரிசி, துவரம்பருப்பு, தோட்டத்துக் காய் அத்தனையும் ஒரே பானையில். தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றி, இறக்குகிற நேரத்தில் ஒரு கை முருங்கைக்கீரை. மேலே வறுத்த வடகம். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் இன்னும் போடு. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் ரைட் போகலாம் என்கிற மாதிரி. இன்று இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அவர் கால் செருப்புக்குள் நுழையவில்லை. வீங்கியிருக்கிறது. "நின்னு நின்னு தேஞ்ச காலு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். சென்னையில் இருக்கும் மகள் ஹெப்சியிடம் போனில் சொன்னேன். உடனே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கோபப்பட்டாள்.

பிப்ரவரி 25, சனி

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போய்விட்டதாம். சர்க்கரை செய்த வேலை. டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால் ஒன்றிரண்டு வருஷம்கூடத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாம் அம்மா கையிலதான் இருக்கு" என்றார்.

சாப்பாட்டு முறை சொல்லித்தர அபிராமி என்று ஒரு சின்னப் பெண். நல்ல பொறுமை. "காய்கறி எல்லாத்துலயும் பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கும்மா. நமக்கு நல்லது, அப்பாவுக்கு ஆகாது. ரத்தத்துல ஏறுச்சுன்னா நெஞ்சு நின்னுரும். அதனால காயைப் பொடிசா நறுக்கி, நெறைய தண்ணில வேகவச்சு, அந்தத் தண்ணியக் கீழ கொட்டிட்டு, அப்புறமா தாளிங்க" என்றாள். கீரை கூடாது, பழங்களில் பாதி கூடாது, உப்பு பாதிக்குப் பாதி. ரசம், மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான்.

"இளநீ?" என்று அவர் கேட்டார்.

"கூடாதுப்பா."

"பதநீ?"

"அதுவும் வேண்டாம்."

"மாம்பழம்?"

"மூச்!"

"அப்போ நான் எறங்குற ஸ்டாப் வந்துட்டுன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஹெப்சி பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் பாடத்தைக் கூட உட்கார்ந்து படித்துத்தான் நான் ஒழுங்காக எழுதக் கற்றேன். பொட்டாசியம் என்ற வார்த்தையை அவளிடம் போனில் கேட்டு எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறேன். ஆண்டவரே, அம்மா கையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாரே. அந்தக் கையை நீர் பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 27, திங்கள்

கத்திரிக்காயைச் சொன்னபடி பொடிசாக நறுக்கி, பானை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தேன். தண்ணீர் இளம் ஊதா நிறத்தில் இருந்தது. காயின் மணம் பூராவும் அதில்தான். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

கொட்ட மனம் வரவில்லை.

நேற்றுக் கோவிலில் போதகர், ஐந்து அப்பத்தால் அத்தனை ஜனத்தையும் போஷித்த கதையைத்தான் பிரசங்கம் செய்தார். எல்லாரும் தின்று திருப்தியான பிறகும், மீந்த துண்டுகளைக் கூடைகளில் சேர்க்கச் சொன்னாராம் நம் ஆண்டவர். அவருக்கு இல்லாத அப்பமா? ஆனாலும் வீணாக்க விடவில்லை. நான் சேர்த்துவைக்கிற ஜாதி. இந்த வீட்டில் பீர்க்கங்காய்த் தோல்கூடத் துவையலாகும்.

யோசித்துப் பார்த்தேன். காய்தானே அவருக்கு ஆகாது? தண்ணீரில் காய் ஏது? ஆள் வேறு இளைத்துக்கொண்டே வருகிறார். சத்து வேண்டாமா? புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டு, அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தேன். உப்பு சொன்ன அளவுதான். ஒரு டம்ளர் ரசத்தை ஒரு லிட்டர் கணக்கில் கழித்துக்கொண்டேன். அபிராமி சொன்ன மற்றது எல்லாவற்றையும் அப்படியே செய்கிறேன்.

"காயி சக்கையா இருக்கு புஷ்பம்" என்றார். "ரசம்தான் சாப்பாடு மாதிரி இருக்கு."

டம்ளரில் இரண்டு தட்டு தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 3, வெள்ளி

பீர்க்கங்காய், வாழைத்தண்டு. சக்கையைப் பொரியல் செய்தேன். தண்ணீர் ரசத்துக்கு. வீணானது ஒன்றுமில்லை. ஸ்தோத்திரம்.

மார்ச் 8, புதன்

முருங்கை மரம் தளதளவென்று தளிர் விட்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் கீரை கூடாது என்றால் கூடாதுதான். நான் அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு எனக்கு வைத்துக்கொண்டேன். அவித்த தண்ணீர் மட்டும் அவருக்கு, பூண்டு தட்டிப் போட்டு.

கால் துவளுகிறது என்கிறார். ரசத்தைக் கூட்டி, மோரைக் குறைத்துவிட்டேன்.

மார்ச் 13, திங்கள்

காலையில் நாற்காலியை விட்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் தன்னுடையது மாதிரியே இல்லை என்றார். பக்கத்து வீட்டுச் செல்வபாய் அக்காவின் மகன் காரில் பாளையங்கோட்டை கொண்டுபோனோம். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக இருந்ததாம். பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கால் மட்டும் தெரிந்தது.

டாக்டர் வெளியே வந்து, "என்ன குடுத்தீங்க? வாழைப்பழமா? இளநீரா?" என்று கேட்டார்.

"ஆண்டவர் சாட்சியா சொல்லுதேன் ஐயா, ஒரு பழம் எங்க வீட்டுக்குள்ள வரல" என்றேன்.

"அப்போ உங்களுக்குத் தெரியாம வெளிய எங்கயோ சாப்பிட்டிருக்கார்."

மார்ச் 14, செவ்வாய்

ஆண்டவர் உயிரைத் தந்தார். ஸ்தோத்திரம். வீட்டுக்காரர் கண் விழித்து, "என்ன புஷ்பம், பஸ்ஸு டிப்போவுக்குப் போய்த் திரும்பிட்டா?" என்று கேட்டார்.

ஹெப்சி காலையில் வந்து சேர்ந்தாள். அப்பா பேச ஆரம்பித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க? உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணும் தின்னலம்மா."

"ஒண்ணும் திங்காம எப்படிப்பா ஏறும்? டாக்டர் என்ன முட்டாளா? அம்மா ஒருத்தி உங்களுக்காகத் தனியா வேகவச்சு வடிச்சு உயிர விடுதா, நீங்க திருடித் தின்னுட்டு இப்படி வந்து படுத்துக் கெடக்கிய."

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு புஷ்பம். நான் எங்கயாவது தின்னேனா?"

"நான் எப்பவும் கூடயே இருக்கேனா?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நினைப்பு வந்து போனது. ரசம் வெறும் தண்ணீர்தானே. விட்டுவிட்டேன்.

மார்ச் 16, வியாழன்

இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் ஹெப்சியும் மருந்து வாங்க வரிசையில் நின்றோம். அந்த நேரத்தில் அபிராமி வந்து அவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் திரும்பியபோது அவள் போய்க்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாடகைக் காரில் பாதி வழி வந்ததும் தானாகச் சொன்னார். "தின்னேன் புஷ்பம். மாம்பழம்."

முன்சீட்டில் இருந்த ஹெப்சி திரும்பிப் பார்த்தாள்.

"எங்க?" என்றேன்.

"செல்வபாய் அக்கா வீட்டு மரத்துல. கீழ கெடந்தது."

"எப்போ?"

"நீ கோவிலுக்குப் போயிருந்தப்போ. ரெண்டு மூணு இருக்கும்."

ஹெப்சி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் முழங்காலில் நின்று இவருக்காக மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் மரத்தடியில். அதுகூடப் போகட்டும். டாக்டர் முன்னால் நான் ஆண்டவர் பேரைச் சொல்லிச் சாட்சி கொடுத்தேனே! படுக்கையில் கிடந்தும் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் தின்னவில்லை என்றாரே! ஆசையை மன்னிக்கலாம். பொய்யை எப்படி மன்னிப்பது?

மார்ச் 18, சனி

ஹெப்சி லீவு முடிந்து போய்விட்டாள். நான் அவரோடு பேசுவதில்லை. வேளாவேளைக்குச் சோறு, மருந்து. அவ்வளவுதான்.

மத்தியானம் ரசத்தைத் தள்ளிவைத்தார். "இது வேண்டாம் புஷ்பம். நெஞ்சு கரிக்கி. இனிமே ரசம் வைக்காத."

மாம்பழம் கேட்கிற நாக்குக்கு ரசம் எப்படி இறங்கும்? டம்ளரைத் திரும்பவும் அவர் பக்கமே நகர்த்திவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தபோது டம்ளர் காலியாக இருந்தது. கண்டிப்பாக இருந்தால்தான் வழிக்கு வருவார்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். வயதில் சின்னவர்தான். இவர் தலையில் கை வைத்து, நாவின் இச்சையையும் பொய்யையும் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்று நெடுநேரம் ஜெபித்தார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, முடிந்ததும் ஆமென் சொன்னார்.

போதகர் போன பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டு, "சின்ன வயசுதான், கை நல்ல கனம்" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்.

மார்ச் 20, திங்கள்

காற்று வேண்டும் என்று சாப்பிடுகிற நாற்காலியை ஜன்னல் ஓரம் நகர்த்திப் போட்டிருக்கிறார். சுரைக்காய் கூட்டு, ரசம். ஒரு தட்டுதான் தட்டினார்.

மார்ச் 24, வெள்ளி

செல்வபாய் அக்கா ஒரு பெட்டி மாவடு கொண்டுவந்தார்கள்.

"ஏட்டி புஷ்பம், இந்தா. இந்த வருசம் மரம் பிந்தித்தான் பூத்துச்சு. இப்பத்தான் சுண்டுவிரல் தண்டிக்கு நிக்கி. உங்கையால போட்டாத்தான் எம் மருமவன் தொடுதாரு."

"உங்க மரத்தப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருது அக்கா."

"ஏன்? மரம் உன்ன என்ன செஞ்சுது?"

வீட்டு மானம் என்று ஒன்று இருக்கிறதே. பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

காம்பு கிள்ளாமல் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் அரைத்த கடுகும் மிளகாயும் மஞ்சளும் போட்டுக் குலுக்கிப் ஊறுகாய்ப் பரணியில் வைத்தேன். எல்லாம் பச்சைப் பிஞ்சு. ஒன்றில்கூடக் கொட்டை கட்டவில்லை. இந்த மரம் பழம் தர இன்னும் இரண்டு மாசமாவது ஆகும்.

பரணியை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பொட்டாசியம் நன்றாக இறங்கியிருக்கிறது! "அம்மா கண்டிப்பு வேலை செய்யுது" என்றார் டாக்டர். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைப்பானேன். ஆனால் எடை இன்னும் குறைந்திருக்கிறது. சிறுநீரகக் கணக்கும் நல்லபடியாக இல்லை என்றார். அபிராமி இன்று லீவு.

சாப்பிடுகிற இடத்து ஜன்னலுக்குக் கீழே நிற்கும் கறிவேப்பிலைக் கன்று பழுத்துக் கொட்டுகிறது. போன மாசம்வரை கருகருவென்று இருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சி இல்லை. புளித்த மோர் ஊற்றினேன். வேரடியில் ஒரே எறும்பு. நாலைந்து மிளகுத் தோலும் கடுகும் கிடந்தன. காக்கா போட்டிருக்கும்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பவனி எங்கள் வாசல் வழியாகப் போனது. அவரால் நடக்க முடியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். நான் திரும்பி வந்ததும், ஓலையில் ஒரு சின்னச் சிலுவை முடைந்து என்னிடம் நீட்டினார். வாங்கிப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன். பேசவில்லை.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

சாயங்காலம், ஆண்டவர் நினைவாக அப்பம் வாங்குகிற திருவிருந்து ஆராதனை. கிளம்பும்போது, இத்தனை நாளுக்குப் பிறகு நானாகப் பேசினேன். "செஞ்ச தப்புக்கு மனசார மன்னிப்புக் கேக்காம ஆண்டவர் பந்திக்கு வராதிய. அது உங்களுக்குத்தான் ஆக்கினை."

"சரி" என்றார்.

கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டுத்தான் வாங்கியிருக்கிறோம். இன்று நான் மட்டும் போனேன். அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது பார்த்தேன். என் குடையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 8, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி. இனிமேல் தள்ள முடியாது, அடுத்த வாரத்திலிருந்து வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்றார் டாக்டர். அவரை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். நான் அபிராமியிடம் போய் உட்கார்ந்தேன். என்னென்ன சமைக்கிறேன், எப்படிச் சமைக்கிறேன் என்று கேட்டாள். கேட்டாள் என்பதற்காக எல்லாம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். காயை வடிக்கிறேன், ஆனால் வீணாக்க மாட்டேன், அந்தத் தண்ணீரில்தான் அவருக்குத் தினமும் ரசம் என்றேன்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தன நாளாம்மா?"

"நீ சொன்ன அன்னையில இருந்து."

"காயில இருக்கிறது பூரா தண்ணிலதாம்மா எறங்கும். அதுக்குத்தானே கொட்டச் சொன்னேன்." மெல்லத்தான் சொன்னாள். "அன்னைக்கு டிஸ்சார்ஜ் அப்போ அப்பாட்ட இதத்தான் கேட்டேன். தண்ணிய அம்மா கொட்டிருறாங்களா, இல்ல கொழம்பு ரசத்துல சேர்த்துறாங்களான்னு. செவத்தையே பாத்தாங்க. அப்புறம், 'அதெல்லாம் கொட்டிருவா. நான்தான் மாம்பழம் தின்னுட்டேன், நீ அவட்ட போய் ஒண்ணும் கேட்டுறாதம்மா'ன்னாங்க."



"இது எப்பவும் வர வேண்டியதுதாம்மா. டயாலிசிஸ் உங்களால வரல" என்றாள். அவள் சொன்னதை எழுதிவைக்கிறேன். நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் படுத்துவிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே போய்க் கறிவேப்பிலைக் கன்றின் அடியில் உட்கார்ந்தேன். மண்ணைக் கையால் கிளறினேன். கடுகு, மிளகுத் தோல், கொத்தமல்லிக் காம்பு, புளிக்கோது. எல்லாம் என் கை போட்டது. தினமும் ஒரு டம்ளர். நான் அடுப்படிக்குத் திரும்பும்வரை காத்திருந்து ஜன்னல் வழியாகச் சாய்த்திருக்கிறார். வேண்டாம் என்று ஒரு தடவை வாயால் சொன்னார். நான் நகர்த்திவைத்தேன்.

அலமாரிக்குப் பின்னால் பரணி இருந்தது. திறந்து பார்த்தேன். சுண்டுவிரல் அளவு வடு. எந்த மாசத்தில் எந்த மரம் என்ன தரும் என்று ஊரே என்னிடம்தான் வந்து கேட்கும். மார்ச் மாசத்தில் அந்த மரத்தில் பழம் இருந்தது என்று அவர் சொன்னார், நான் நம்பினேன். அவர் ஒன்றும் தின்னவில்லை என்று சொன்னபோது நம்பவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். விடிகாலை ஆராதனைக்குப் போகவில்லை. கோவில் மணி அடிக்கும்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். விழித்துப் பார்த்து, "கோவிலுக்குப் போகலியா?" என்றார்.

"நீங்க மாம்பழம் தின்னல."

"தின்னேன்."

"மரத்துல வடுதான் நிக்கி."

"அப்போ வடு தின்னிருப்பேன்."

"ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? தண்ணியக் கொட்டுன்னு சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

"கேட்டிருப்ப. அப்புறம் ஆயுசுக்கும் அதையே நெனச்சு நெனச்சு அழுதுட்டுல்லா இருந்திருப்ப. இப்ப அழுத மாதிரி." எழுந்து உட்கார முயன்றார். பிடித்துக்கொண்டேன். கையில் எலும்புதான் இருந்தது.

போதகரிடம் இன்றைக்கே போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஹெப்சியிடமும் சொல்கிறேன் என்றேன்.

"ஹெப்சிக்குச் சொல்லாத. நான்தான் தின்னேன். கிழிச்சுக் குடுத்த டிக்கெட்ட நான் திரும்ப வாங்குனது கெடையாது."

"போதகருக்கு?"

"அவரு ஜெபம் பண்ணது பண்ணதாவே இருக்கட்டும். வேற எதுக்காவது ஆகும். நான் செஞ்சது என்ன ஒண்ணா ரெண்டா?"

அப்போதும் மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னிக்க ஒன்றும் நடக்காத மாதிரியே வைத்துக்கொண்டிருக்கிறார். பெரிய வியாழன் பந்தி இனி அடுத்த வருஷம்தான். அதுவரை ஆண்டவர் எங்கள் இரண்டு பேரையும் வைத்திருக்க வேண்டும். இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

தோட்டத்தில் இன்று: பிஞ்சு வெண்டை, கத்திரி நாலைந்து, முருங்கைக்காய். கூட்டாஞ்சோறுக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. அதை இனி அவருக்கு வைக்க முடியாது. கத்திரியைப் பொடிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தேன். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் ஆறவைத்து, முருங்கை மூட்டில் வேர் நனைய முழுவதும் கொட்டினேன். ஊதாத் தண்ணீரை மண் உடனே குடித்துவிட்டது.

ரசம் குழாய்த் தண்ணீரில் வைத்தேன். உப்பு இல்லை, புளியும் பேருக்குத்தான். வாயில் விட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத ருசி. டம்ளரை அவர் முன்னால் வைத்தேன். அவர் கண் தன்னால் ஜன்னல் பக்கம் போனது.

"இத கொட்ட வேண்டாம். குடிங்க. வெறும் தண்ணில வச்சது" என்றேன். அடுப்படிக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றார்.

பொய்.

டம்ளரின் ஓரத்தில் விரலால் தட்டினார். ஒன்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு.

இன்றைய ஒரு லிட்டரில் இன்னும் அரை டம்ளருக்கு இடம் இருந்தது. ஊற்றினேன்.